மெரேவா வாசிக்காத பேர்

வனோகா தீவில் யாரை நிறுத்தி வேண்டுமானாலும் கேளுங்கள், மெரேவாவின் குரல் எப்படி இருக்கும் என்று. ஒருவரும் வர்ணிக்க மாட்டார்கள். மூக்கை லேசாகச் சுருக்கிக்கொண்டு, "கிழக்குக் கரையில் காற்று பலம், சிறு படகுகள் போக வேண்டாம்" என்று அவரைப் போலவே சொல்லிக் காட்டுவார்கள். மீன் விற்கிறவர், பாதிரியார், போலீஸ்காரர் எல்லோருக்கும் அது வரும். முப்பத்தாறு வருடமாகக் கேட்கிற குரல் ஆயிற்றே!

அந்தக் குரல் ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு நொடி நின்றுபோனது. அந்த நான்கு நொடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பத்தொன்பது வயதில் மெரேவா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்ன என்றால், வெளித்தீவுகளுக்குப் போகிற படகில் ஏறுகிறவர்களின் பேரைத் தகர ஊதுகுழலில் கூப்பிடுவது. எண்பது பேர் என்றால் எண்பது பேர். ஒவ்வொருவருக்கும் முழுப் பேர், ஊர், பிறகு ஒரு மூச்சு, அடுத்த பேர். அவசரமே கிடையாது. ஒருமுறை படகு முதலாளி ஒருவர் சீட்டில் "லலாமிக்காரங்க ரெண்டு பேர்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மெரேவா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மா, கடல்தண்ணி வத்த ஆரம்பிச்சாச்சு, படகு கெளம்பணும்!"

"கெளம்புங்க. ஆனா இந்த ரெண்டு பேரும் கடல்ல விழுந்தா என்னன்னு கத்துவீங்க? 'லலாமிக்காரா'ன்னா? அங்க முந்நூறு பேர் இருக்கான்."

பேர் வந்த பிறகுதான் படகு போனது. இந்தக் கதை எப்படியோ வானொலி நிலையத்துக்குப் போய், இருபத்தேழாவது வயதில் மெரேவாவை அங்கே கூட்டிக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். வானிலை, கொப்பரை விலை, கப்பல் வரும் நேரம், பிறப்பு, கல்யாணம், சாவு. தீவு முழுவதும் ஒரே ஒரு நிலையம்தான். அதனால் யாருடைய பேராவது மெரேவா வாயால் வந்தால்தான் அந்த விஷயம் நடந்ததாகவே கணக்கு.

அவர் வாயால் வரமுடியாத பேர் ஒன்றே ஒன்று இருந்தது. மருமகனின் பேர்.

எங்கள் தீவில் மாமியார் மருமகனின் பேரைச் சொல்வதில்லை. மருமகனும் மாமியாரின் பேரைச் சொல்வதில்லை. நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதும் கிடையாது. இது மரியாதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை இது ஒரு பெரிய வேடிக்கையும்கூட. மெரேவாவின் மகள் அனாசேவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அறிவிப்பை யார் வாசிப்பது? மெரேவாதான். "துறைமுகம் லொபேரோ தெரு மெரேவா தொபாலியின் மகள் அனாசேவுக்கும்" என்று ஆரம்பித்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தவீட்டா, ஒலிப்பதிவுக்காரர், பதறிப்போய் உள்ளே ஓடிவந்தார்.

"என்னக்கா, மைக் ஓடுது, சொல்லுங்க!"

மெரேவா மாப்பிள்ளை பேரை எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தவீட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து மைக்கில் "கிலோவே தாரசிக்கும்!" என்று கத்தினார். இதெல்லாம் அப்படியே தீவு முழுக்க ஒலிபரப்பானது. மறுநாள் சந்தையில் ஒரு பாக்குக்காரி கேட்டாளாம்: "ஏன் மெரேவா, மாப்பிள்ளை உன் மகளுக்கா, தவீட்டாவுக்கா?"

கிலோவே படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். ஊர் மலைப்பக்கம், வேலை துறைமுகத்தில். கல்யாணத்துக்குப் பிறகு மெரேவா வீட்டிலேயே ஒரு அறையில் குடித்தனம். மாமியாரும் மருமகனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று அனாசே நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கும். மெரேவா முற்றத்துக் கோழியைப் பார்த்துச் சொல்வார்: "ஏ கோழி, மீன் கருகிடுச்சுன்னு சில பேர் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. நாளைக்கு அவங்களே சமைக்கட்டும்." கிலோவே கையில் இருக்கிற இன்ஜினிடம் சொல்வார்: "என்ன இன்ஜினே, கருகின மீனுதான் எனக்குப் புடிக்கும்னு நான் தினம் சொல்றது யார் காதுலயும் விழலையா?" நடுவில் அனாசே சிரித்துச் சிரித்து அழுவாள். ஆறு வருடம் இப்படி ஓடியது.

பிறகு சண்டை வந்தது.

மலையில் சுரங்கம், கரையில் துறைமுகம். தோண்டுகிறவன் ஒரு பக்கம், ஏற்றி அனுப்புகிறவன் ஒரு பக்கம். யாருக்கு எவ்வளவு என்று இரண்டு வருடம் பேசினார்கள். அப்புறம் யாரோ கிடங்கைக் கொளுத்தினார்கள், யாரோ பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எது முதலில் என்று இன்றைக்கும் டீக்கடையில் அடிதடி நடக்கும், அதற்குள் நான் போகப் போவதில்லை. கரைக்கும் மலைக்கும் நடுவில் ஓடுகிற செலா ஆறு எல்லை ஆகிவிட்டது. அண்ணன் அந்தக் கரை, தம்பி இந்தக் கரை. மூன்று வருடம். இருந்தது மொத்தமே ஒன்றரை லட்சம் பேர். செத்தவன் யாராக இருந்தாலும் யாருக்காவது தெரிந்தவனாகவே இருந்தான்.

இரண்டாவது வருடத்தில் கிலோவே பிடிபட்டார். ஆற்றின் மேல்பக்கம் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் படகு இன்ஜின் ஓடவில்லை, நோயாளிகளை இறக்க முடியவில்லை என்று சேதி வந்தது. போனார். கையில் துறைமுக முத்திரை போட்ட டீசல் கேன் இருந்தது. மலைக்காரர்கள் அதைப் பார்த்து, கரை ராணுவத்தின் ஆள் என்று கொண்டுபோய்விட்டார்கள். அனாசே அப்போது நான்கு மாதக் கர்ப்பம். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, அப்பா வரவில்லை.

கைதிகளை மாற்றிக்கொள்வது அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. முதலில் காகிதத்தில் பேர் எழுதி அனுப்பினார்கள். பன்னிரண்டு பேர் என்று கிளம்பிய காகிதம் போய்ச் சேரும்போது ஒன்பது பேர் ஆகியிருந்தது. மூன்று குடும்பம் ஆற்று முகத்துவாரத்தில் வெயிலில் காத்திருந்து திரும்பியது. யார் அடித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அதன் பிறகு மலைப்படையின் தலைவர் ரொகாடு சொல்லியனுப்பினார். சண்டைக்கு முன்னால் சுரங்கத்தில் லாரி ஓட்டினவர். காகிதம் வேண்டாம், மெரேவா வானொலியில் வாசிக்கட்டும். எல்லார் காதிலும் விழுந்ததை எவனும் அழிக்க முடியாது.

கூடவே நிபந்தனையும் போட்டார். மெரேவாவின் குரல் மட்டும். பேர், ஊர், அவ்வளவுதான். வேறு குரல் வந்தாலோ, ஒரு சொல் கூடினாலோ, ஒரு பேரைத் திரும்ப வாசித்தாலோ பட்டியலே செல்லாது. காரணம் இருந்தது. கரை ராணுவம் ஒருமுறை வேறொருவரை வைத்து "ஆடு காணவில்லை" என்று ஒரு பொய் அறிவிப்புப் படித்து, அதையே தாக்குதலுக்குச் சமிக்ஞையாக வைத்திருந்தது. அதிலிருந்து வானொலியில் வழி தவறிய ஒரு சொல் வந்தாலும் மலையில் துப்பாக்கியை எடுத்துவிடுவார்கள்.

இரண்டு பட்டியல் மெரேவா வாசித்தார். இரண்டு முறையும் வாசித்த பேர் எல்லாம் உயிரோடு வந்து சேர்ந்தன. மூன்றாவது பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இருபது பேர். வியாழன் மாலை நான்கு மணிக்கு வாசிக்க வேண்டும், சனிக்கிழமை ஆற்று முகத்துவாரத்தில் ஆட்களை விடுவார்கள்.

அனாசே தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "அம்மா! பதிமூணாவது! பாத்தியா? பதிமூணாவது!"

"பாத்தேன்."

"பின்ன ஏன் இப்படி உக்காந்திருக்க?"

"வாசிக்கப் போறது யாருடி?"

அனாசே தாளை மடியில் வைத்தாள்.

மாமியார் வாயால் மருமகன் பேர் வந்தால், பேர் உடைந்துவிட்டது என்போம். அன்றோடு அவன் அந்த வீட்டில் சாப்பிடக்கூடாது, மனைவியோடு இருக்கக்கூடாது. கல்யாணம் அந்தரத்தில் நிற்கும். அவன் அம்மா வழிப் பெரியவர்கள் வந்து புதுப் பேர் வைத்து, மறுபடி பெண் கேட்டால்தான் சரியாகும். கிலோவேயின் அம்மா வழி ஆட்கள் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். சண்டை எப்போது முடியும், அவர்களில் யார் மிஞ்சுவார்கள், யாருக்குத் தெரியும்?

மெரேவா செய்தித் துறை அதிகாரியிடம் போனார். பதிமூன்றாவது பேரை மட்டும் தவீட்டா வாசிக்கலாமா? கூடாது. 'அனாசேயின் கணவர்' என்று சொல்லலாமா? கூடாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன வயது அதிகாரி அவர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்தைதானேம்மா?"

"ஆமாங்க. ஒரே ஒரு வார்த்தை," என்று சொல்லிவிட்டு மெரேவா வந்துவிட்டார்.

அன்று மாலை அனாசே பிள்ளைக்குச் சேப்பங்கிழங்கை மசித்து ஊட்டிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "சொல்லிரும்மா."

"உடைஞ்சிரும்டி."

"உடையட்டும். உசிரோட வரட்டும். வேற வீட்டுல இருக்கட்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்குறேன். இப்ப அதுகூட இல்லையே."

"சொல்றேன்," என்றார் மெரேவா.

புதன் காலை அலைதடுப்புச் சுவரின் கடைசிக் கல்லில் போய் நின்று சொல்லிப் பார்த்தாராம். பத்தொன்பது பேரும் மனப்பாடமாக வந்தன, ஊரோடு, மூச்சோடு. பதிமூன்றாவது மட்டும் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. கடலுக்குத்தானே சொல்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று மறுபடி வாயைத் திறந்தார். வரவில்லை. "நாளைக்கு மைக் முன்னாடி உக்காந்தா வந்துரும்னு நெனச்சேன். அங்க எனக்கு வராத பேரே இல்லையே," என்றார் என்னிடம்.

வியாழன் நான்கு மணி. வானிலை. கப்பல் நேரம். பிறகு பட்டியல். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவீட்டா விசையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு. மூச்சு.

"அக்காவோட வாய் அசைஞ்சுது. பாத்துக்கிட்டே இருக்கேன். சத்தம் வரல. எனக்கு அந்தப் பேர் நாக்கு நுனியில நிக்குது. கல்யாணத்துல கத்தின மாதிரி கத்திருவேனோன்னு பயந்து ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டேன். பட்டியலே போயிருமே! சுவத்துக் கடிகாரத்துல நாலு நொடி," என்று தவீட்டா சொல்லும்போது இன்றைக்கும் அவர் கை தானாக வாய்க்குப் போகிறது.

பேரும் வரவில்லை, ஊரும் வரவில்லை. நான்கு நொடி கழித்து மெரேவா பதினான்காவது பேருக்குப் போய்விட்டார். குரல் நடுங்கவில்லை. இருபது வரை முடித்துவிட்டு, மைக்கை அணைத்த பிறகுதான் மேசையில் கவிழ்ந்தார்.

"கொன்னுட்டேன்டா தவீட்டா. சொல்றேன்னு சொல்லிட்டுக் கொன்னுட்டேன்."

"அழாதீங்கக்கா. அடுத்த பட்டியல்..."

"அடுத்த பட்டியல்ல மட்டும் எனக்கு வேற வாய் முளைக்குமா?"

வீட்டுக்குப் போனால் அனாசே ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். கிலோவே பாதியில் விட்டுப் போன இன்ஜின் அங்கே சாக்குப் போர்த்திக் கிடந்தது. வெள்ளியும் அப்படியே போயிற்று.

அதே வியாழக்கிழமை மலையில் நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிலோவே. இன்னொருவர் பென்யாமி ஒலோ. பென்யாமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிட்டாவே என்ற ஒரு குட்டித் தீவிலிருந்து கொப்பரைப் படகில் வேலைக்கு வந்து, மாட்டிக்கொண்டவர். அப்பா அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை. பட்டியலில் பேர் சேர்க்கச் சொல்லித் துறைமுகத்தில் போய் நிற்க ஒரு ஆள் கிடையாது. ஒரு வருடமாக எந்தப் பட்டியலிலும் அவர் பேர் வந்ததில்லை.

ஓடையில் தண்ணீர்ச் சக்கரம் வைத்து பேட்டரி ஏற்றி, அதில் வானொலி கேட்பார்கள் முகாமில். கைதிகள் மூங்கில் வேலிக்குள், ரொகாடு வேலிக்கு வெளியே. ஒவ்வொரு பேருக்கும் ஒரு கூழாங்கல் எடுத்து வைப்பது அவர் வழக்கம். முடிந்ததும் எண்ணினார்.

"பத்தொம்பது! இருபதுன்னுதானே பேச்சு? கரைக்காரனுங்களுக்கு எண்ணக்கூட வராதா?"

முகாமில் சமைக்கிற சொலோமே அகப்பையோடு திரும்பினாள். "உனக்குத்தான் காது கேக்கல. பன்னெண்டு முடிஞ்சு ஒரு பேர் பேசாமப் போச்சே. இன்னொரு கல்லை வை."

"பேசாத பேருக்கு எதுக்குக் கல்லு?"

"உன் மாமியா உன்னை எப்படிக் கூப்புடுவா?"

ரொகாடு யோசித்தார். "என்னை எங்க கூப்புட்டா? 'ஏ நாயே, குளிச்சிட்டு வந்து சாப்பிடச் சொல்லு'ன்னு நாய்கிட்ட சொல்லுவா. நாய் போய்க் குளிச்சதுகூட உண்டு."

முகாமே சிரித்தது, வேலிக்கு உள்ளேயும் வெளியேயும். சிரிப்பு அடங்கியபோது ரொகாடு குனிந்து ஒரு கல்லைத் தேடி எடுத்து, பன்னிரண்டாவது கல்லுக்கும் பதிமூன்றாவது கல்லுக்கும் நடுவில் வைத்தார். ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

 மூன்று வருடம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள். ஒரு மாமியார் பேசாமல் விட்டது என்ன என்று விளக்கம் கேட்கத் தேவையில்லாமல் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் கல் வைத்தால் போதுமா? ஆள் யார்? ரொகாடு வேலியருகே வந்தார்.

"ரேடியோ அம்மா உங்கள்ல யாருக்குடா மாமியா?"

கிலோவே கையைத் தூக்கினார். ஆனால் அவருக்கு முன்னாலேயே இன்னொரு கை மேலே போய்விட்டிருந்தது. பென்யாமியின் கை. "யோசிக்கவே இல்ல. கை தானாப் போயிருச்சு. இருபதாவது கல்லு அங்க ஆளில்லாம கெடக்கு. எனக்குன்னு ஒரு கல்லு யாரும் வச்சதில்லயே," என்றார் பென்யாமி. யாரால் திட்ட முடியும்?

ரொகாடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்தார். புகையிலை இருக்கிறதா என்று கேட்பது மாதிரி சாதாரணமாக, "சரி, எழுதணும். மாமியா பேரு என்ன?" என்றார்.

"மெரேவா தொபாலி! துறைமுகம், லொபேரோ தெரு!" என்றார் பென்யாமி. கணீரென்று, ஊரோடு சேர்த்து, மெரேவா தீவுக்கே சொல்லிக்கொடுத்த மாதிரி.

 சொலோமே அகப்பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணம் ஆனவன் எவனாவது அதைச் சொல்வானா? கல்யாணமே ஆகாத பயலுக்கு நாக்கை அடக்கிப் பழக்கம் ஏது?

ரொகாடு கிலோவே பக்கம் திரும்பினார். "உனக்கு?"

கிலோவே சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. உயிர் போகிற நேரத்திலும் வாய் திறக்கவில்லை. அங்கே துறைமுகத்தில் மாமியாருக்கு நடந்த அதே கூத்துத்தான் இங்கே மருமகனுக்கும்!

"நீ கெளம்புடா," என்றார் ரொகாடு. பென்யாமியைப் பார்த்து, "கல்யாணம் ஆகாத மாப்பிள்ளை, நீ போய் வெறகு பொறுக்கு."

அடித்திருந்தால் தேவலை, அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை என்பார் பென்யாமி. சனிக்கிழமை விடியலில் இருபது பேரும் கிளம்பும்போது அவர் வேலி ஓரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கிலோவே போர்வையை அவர் தோளில் போட்டுவிட்டுச் சொன்னார்: "சகலை, உன்னைப் பத்தி நான் போய்ச் சொல்றேன்."

சகலை! ஒரே வீட்டில் பெண் எடுத்தவனைக் கூப்பிடுகிற பேர். பென்யாமிக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்ததாம்.

ஆற்று முகத்துவாரத்துக்கு மெரேவாவும் போயிருந்தார். கிலோவே வரமாட்டார் என்றுதான் நினைத்தார். ஆனால் தான் வாசித்த பேர் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அவரால் வீட்டில் இருக்க முடியாது. அனாசே பிள்ளையோடு நாலு அடி தள்ளி நின்றாள், இன்னும் பேசாமல். படகுகள் வந்தன. பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். பதினெட்டு. பத்தொன்பது. பிறகு அனாசே கத்திய கத்தலில், அலையாத்திக் காட்டுக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது என்பார்கள்.

மெரேவா சட்டென்று திரும்பிக்கொண்டார். பதினான்கு மாதம் கழித்து வருகிறவரை ஒரு கண் பார்க்கலாமே! இல்லை. முறை முறைதான். அலையாத்தி மரத்தைப் பார்த்தபடி, கண்ணீர் தாடையில் ஒழுக, நின்றார். முதுகுக்குப் பின்னால் தண்ணீரில் கால் இறங்கும் சத்தம்.

"ஏ துடுப்பே," என்று ஒரு குரல் கரகரத்தது. "ரேடியோவுல ஒருத்தங்க ஒரு பேரை விட்டாங்களே, அது மலை முழுக்க நல்லாக் கேட்டுச்சு."

மெரேவா மரத்தைப் பார்த்தே சொன்னார். "ஏ மரமே, சில பேர் ரொம்ப எளைச்சுட்டாங்க. நடக்குற சத்தத்துலயே தெரியுது. வீட்டுல மீன் இருக்கு. கருகினதுதான்."

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பிள்ளை அப்பாவைப் பார்த்துப் பயந்து அழுது, எல்லாம் ஆன பிறகு கிலோவே பென்யாமியின் கதையைச் சொன்னார். இன்ஜினிடம்தான் சொன்னார். அனாசே விழுந்து விழுந்து சிரித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த மெரேவா சிரிக்கவில்லை.

"அனாசே, கேளு. அவன் முழுப் பேரு என்ன? எந்த ஊரு?"

திங்கட்கிழமை மாலை வானிலை முடிந்ததும் மெரேவா ஒரு மூச்சு விட்டு, "பென்யாமி ஒலோ, சிட்டாவே தீவு," என்றார். அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டார். அதிகாரி ஓடிவந்தார்.

"யாரும்மா அது? எந்தப் பட்டியல்ல இருக்கான்?"

"எதுலயும் இல்ல. அதான் வாசிச்சேன்."

"நிபந்தனை தெரியும்ல? ஒரு சொல் கூடினாலும்..."

"பட்டியல் வாசிக்கிற அன்னைக்கு வாசிக்க மாட்டேன். மத்த நாள் வாசிப்பேன். பேரு, ஊரு, அவ்வளவுதான். நிபந்தனைப்படிதான் இருக்கு."

"உங்களை வேலையை விட்டு எடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

"எடுங்க. அடுத்த பட்டியலை நீங்களே வாசிச்சுக்கோங்க. ஒரே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தையா வாசிச்சா முடிஞ்சுது."

அதிகாரி போய்விட்டார். மெரேவா பதினோரு வாரம் வாசித்தார். புயல் வந்த அன்றும், காய்ச்சலில் படுத்த அன்று தவீட்டா மைக்கை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தபோதும். மலையில் முதல் நாள் அதைக் கேட்டபோது பென்யாமி விறகுக் கட்டை அப்படியே போட்டுவிட்டாராம். தன் பேரைக் கடைசியாக யார் முழுசாகச் சொன்னார்கள் என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

பன்னிரண்டாவது வாரம் ரொகாடு வேலிக்கதவைத் திறந்தார். மாற்றாக ஆளும் கேட்கவில்லை, மருந்தும் கேட்கவில்லை.

"போடா. தெனம் உன் பேரைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் புள்ள பேச ஆரம்பிச்சிருக்கான், முதல்ல உன் பேரைத்தான் சொல்றான்!"

சொலோமே வாழையிலையில் கிழங்கு கட்டிக் கொடுத்தாள். பென்யாமி தனியாக நடந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, லொபேரோ தெருவை விசாரித்துக்கொண்டு மெரேவா வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். உள்ளே போகவில்லை. என்னவென்று கூப்பிடுவது? பேரைச் சொன்னதற்குத்தான் ஏற்கெனவே ஊர் சிரித்துவிட்டதே. கோழி ஒன்று குறுக்கே வந்தது.

"ஏ கோழி," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு தடவை வாய் தவறிருச்சு. இனிமே வராதுன்னு சொல்லு."

வாசலுக்கு வந்த மெரேவா ஒரு நொடி நின்றார். பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏ கோழி, சோறு எடுத்து வச்சிருக்கு. சில பேர் கை கழுவிட்டு வரலாம்."

அதற்கு ஆறு மாதம் கழித்துச் சமாதானம் வந்தது. பென்யாமி சிட்டாவேக்குத் திரும்பவில்லை. கிலோவேயின் கொட்டகையில் வேலை கற்று, பக்கத்திலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார். அவர் மெரேவாவின் பேரைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாராவது வேண்டுமென்றே, "ரேடியோ அம்மா பேரு என்னப்பா?" என்று சீண்டினால், "எனக்கெப்படித் தெரியும்?" என்பார்.

போன வருடம் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது, முப்பத்தைந்து வயதில். பெண் லலாமிக்காரி. அறிவிப்பு மெரேவா கைக்கு வந்தது. தவீட்டா ஓய்வு பெற்றுவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இப்போது நான்தான். முறைப்படி பார்த்தால் மெரேவாவுக்கு ஒரு தடையும் இல்லை. அவருக்கு ஒரே மகள், ஒரே மருமகன். பதினோரு வாரம் தினமும் தீவுக்கே கேட்கச் சொன்ன பேர்தானே அது!

"லலாமி கிராமம் இதோரா சவேனியின் மகள் நுவேலாவுக்கும்," என்று வாசித்தார். நின்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நொடி. பிறகு, "வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருமணம்," என்று முடித்துவிட்டுக் கப்பல் நேரத்துக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை யார் என்று கேட்டு அன்று நிலையத்துக்கு ஒரு போன்கூட வரவில்லை.